மணிக்கூண்டு வருகிற நேரம்

அவர் காலை எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டினால், உங்கள் வீட்டுத் தண்ணீர் நல்ல தண்ணீர். பதினொரு மணிக்குத் தட்டினால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான். மதியச் சாப்பாடு முடிந்து வந்தாரென்றால், குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கக் கிளம்பிவிடலாம். அலுவலகக் கடிதம் பிறகு மெதுவாக வரும்.

எங்கள் நிலத்தடி நீர் அலுவலகப் பதிவேட்டில் அவர் 'நீர் மாதிரி சேகரிப்பாளர்'. அந்த மூன்று தெருக்களில் அவர் பெயர் மணிக்கூண்டு. யார் வைத்ததென்று தெரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"நான் வர்ற நேரத்தப் பாத்துத்தான் சார் தெருவே தண்ணி குடிக்குது. என்ன, நெசமான மணிக்கூண்டுன்னா நாலு பேரு கீழ நின்னு பேசுவாங்க. என்னப் பாத்தா கதவச் சாத்துறாங்க."

நான் வேலையில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, பத்தொன்பது வருட சர்வீஸ். எனக்கு இருபத்து நான்கு. எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நிலவியல் படித்தேன். "மண்ணுல கெடந்து சாகக் கூடாதுன்னுதானேடா படிக்க வச்சோம், அங்க போயும் மண்ணையேவா படிச்ச?" என்று அப்பா கேட்டார். இருந்தாலும் மேசைப் பலகையில் பெயரோடு பட்டத்தையும் எழுதச் சொன்னேன். மணிக்கூண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "தலைய விட வால் நீளம் சார்" என்றார். கோபம் வந்தது. ஆனால் அலுவலகத்தில் அதை முழுதாகப் படித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் வேலையைச் சொல்கிறேன். மூன்று தெருக்களும் ஒரு சரிவில் இருக்கின்றன. சரிவின் நடுவில், இருபது வருடம் இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசிய ஒரு பட்டறை இருந்தது. குரோமியம் கலந்த கழிவுத் தண்ணீரைப் பின்பக்கம் ஒரு குழி வெட்டி அதிலேயே ஊற்றினார்கள். முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனார். குழியை மூடித் தரை போட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். மண்ணுக்குள் முடியவில்லை. மேலே இரண்டடி கொட்டிய மண், அதற்குக் கீழே மூன்று ஆள் ஆழத்துக்கு மணல், அதற்கும் கீழே களிமண். மணலுக்குள் தண்ணீர் சரிவின் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், நாம் பார்க்காததால் நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். விஷம் அதோடு நகர்ந்தது. அடுப்புப் புகை காற்றடிக்கும் பக்கம் சாய்ந்து, போகப்போக அகலமாவதுபோல. களிமண் அதில் கொஞ்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறது. "களிமண்ணு பழசு மறக்காத சொந்தக்காரன் மாதிரி சார். எப்பவோ பண்ணதுக்கு எப்பவாவது வந்து கேக்கும்" என்பார் மணிக்கூண்டு.

பதினான்கு வீடுகளின் முற்றத்தில், அவரவர் கிணற்றுக்குப் பக்கத்தில், எங்கள் அலுவலகம் ஒரு கை நுழையும் அளவுக்குக் குழாய் இறக்கி மூடி போட்டுப் பூட்டியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணிக்கூண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, கயிற்றில் கட்டிய குவளையை இறக்குவார். குவளை என்பது முழங்கை நீளக் குழல். அடியில் ஒரு குண்டு. இறங்கும்போது குண்டு விலகி வழிவிடும், தூக்கும்போது உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். குழாயில் நின்றிருக்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். அதன் பிறகு வருவதுதான் மண்ணுக்குள்ளிருந்து வரும் தண்ணீர். அதைக் குப்பியில் பிடித்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பார்.

ஒரே கயிறு, ஒரே குவளை. எவ்வளவு கழுவினாலும் கயிறு கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கும். அதனால் ஒரு விதி: மிகச் சுத்தமான கிணற்றில் தொடங்க வேண்டும், மிகக் கெட்ட கிணற்றில் முடிக்க வேண்டும். போன முறை முடிவுகளை வைத்து அந்த வரிசையை அச்செடுத்துக் கொடுப்பது என் வேலை. விஷம் நகர நகர வரிசையும் மாறும். நான்காவதாக இருந்த வீடு ஏழாவதாகும், ஏழு பத்தாகும். தெருக்காரர்களுக்கு எங்கள் கணக்குகள் தெரியாது, கெட்டிக்காரர்கள், நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். சட்டப்படி தொடர்ந்து இரண்டு முறை அனுமதித்த அளவை மீறினால்தான் வீட்டுக்குக் கடிதம் போகும். முடிவை மணிக்கூண்டு வாயால் சொல்லக் கூடாது. அவர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, வந்து நின்றாலே போதும்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ண விட்டுட்டு கெணத்த எட்டிப் பாத்தேன் சார். மாப்பிள்ளைக்கு சாவுற யோசனையோன்னு பயந்துட்டாங்க" என்று ஒரு கதை வைத்திருந்தார். உண்மை வேறு. அப்பா இல்லாத வீட்டில் தங்கையைக் கட்டிக்கொடுத்து, அந்தக் கடனையெல்லாம் அடைத்து நிமிர்ந்தபோது நாற்பது தாண்டியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார். ஒருமுறை ஐஸ் பெட்டியை வாங்கப் போனேன். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். கொடியில் கயிறு காய்ந்துகொண்டிருந்தது. நான் போனதும் எனக்குத் தம்ளரில் தேநீர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு காலிக் குப்பியில் ஊற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார். புதுக் குப்பி."

தங்கை வீடு அந்தப் பதினான்கில் ஒன்று. பட்டறைக்கு நேர்ச் சரிவில் இல்லை, பக்கவாட்டில் நான்கு வீடு தள்ளி. பத்தொன்பது வருடமும் வரிசையில் இரண்டாவது. முதலாவது, சரிவின் உச்சியில் தையல்காரர் வீடு. பட்டறைக்கு மேலே இருப்பதால் அங்கே விஷம் வரவே வழியில்லை. மற்றக் கிணறுகளை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்போம், அதை நாங்கள் சாட்சிக் கிணறு என்போம். அதை முடித்துக்கொண்டு எட்டரைக்குத் தங்கை வீட்டில் இருப்பார். குழாய் வேலை முடிந்ததும் படியில் உட்கார்ந்து ஒரு காபி. தங்கை கணவனை இழந்தவள். ஒரே மகள் வெளியூரில். அண்ணனும் தங்கையும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்களாம். "காபி எப்பிடி?", "சக்கர கம்மி", "வயசாச்சுல்ல, போதும்." வருடத்துக்கு நான்கு முறை. மற்ற நாட்களில் போகக் கூடாதா என்று பிறகு ஒருமுறை கேட்டேன்.

"சும்மா போனா எதுக்கு வந்தேன்னு கேப்பா சார். குப்பியோட போனா கேக்க மாட்டா."

அந்த வருடம் பக்கத்துத் தெரு சலவைக்காரர்கள் பெரிய மோட்டார் போட்டார்கள். பகலெல்லாம் உறிஞ்சினார்கள். நேர்ச் சரிவில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் பக்கவாட்டில் திரும்பியது. முடிவுகள் வந்தபோது தங்கை வீட்டுக் குழாயில் அளவைப் போல ஐந்து மடங்கு. நான் புதிய வரிசையை அச்செடுத்தேன். இரண்டாவது வீடு பதினொன்றாவது ஆனது. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. தாளை வாங்கிப் பார்த்தவர் மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை விரலை ஓட்டினார்.

"பதினொண்ணுங்களா சார்?"

"ஆமாண்ணே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி மாத்தணும்."

அடுத்து நடந்ததை அவரே பிறகு என்னிடம் சொன்னார். சுற்றுக்கு முந்தின நாள் தங்கை போன் செய்திருக்கிறாள். மகள் மாசமாக இருக்கிறாள், இனிமேல் தனியாக இருக்க வேண்டாம், வீட்டைக் கொடுத்துவிட்டு வா என்கிறாள். வாங்குவதற்கு ஒரு தம்பதி பேசியிருக்கிறார்கள். நாளைக் காலையில் வந்து பார்ப்பார்கள்.

"தெருவுல யாரோ அவங்ககிட்ட, மணிக்கூண்டு எத்தன மணிக்கு வருதுன்னு பாத்துட்டு வாங்குங்கன்னு சொல்லியிருக்காங்கண்ணே. நீ எப்பவும்போலக் காலையிலயே வந்துரு. அவங்க கண்ணுல படுற மாதிரி வா."

"நான் வந்தா போதுமா?"

"நீ வந்தா போதும்."

பத்தொன்பது வருடத்தில் அவரை யாரும் வரச் சொன்னதில்லை. வரச் சொன்னவள் ஊரைவிட்டுப் போவதற்காகச் சொல்கிறாள் என்பதும் அவருக்குப் புரிந்தது. இரண்டையும் நினைத்துக்கொண்டு, வரிசைத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, காலை ஏழரைக்கெல்லாம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார்.

வாங்க வந்தவர்கள் இருந்தார்கள். கெட்ட கிணறு என்றால் அவர் கையுறை போட்டுக்கொள்வார். அன்று போடவில்லை. கெட்ட கிணற்றில் இறக்கிய கயிற்றையும் குவளையையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, சுத்த நீரில் மூன்று முறை அலசுவார். தெருவுக்கே தெரியும் அது. அன்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் சும்மா உதறிச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். காபி வந்தது. அண்ணன், அரசாங்க ஆள் என்று தங்கை பெருமையாகச் சொன்னாள். அவர்கள் இவரை உட்காரவைத்து தண்ணீர் எப்படி, மண் எப்படி என்று கேட்டார்கள். முடிவு சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றார். அது உண்மைதான். எழுந்தபோது ஒன்பதரை. ஓடி மேட்டுக்குப் போய், தையல்காரர் வீட்டுக் குழாயில் மூன்று மடங்கு இறைக்க நேரமில்லாமல், முதல் குவளைத் தண்ணீரையே குப்பியில் பிடித்தார்.

இரண்டு வாரத்தில் ஆய்வக முடிவு வந்தது. சாட்சிக் கிணற்றில் குரோமியம். மிகக் கொஞ்சம்தான், ஆனால் இல்லாத இடத்தில் இருந்தது.

முடிவுத் தாளோடு என் மேசைக்கு ஓடினேன். பயத்தில் இல்லை. மேட்டில் விஷம் என்றால் யாருக்கும் தெரியாத இரண்டாவது ஊற்று எங்கோ இருக்கிறது; அதைக் கண்டுபிடித்தது நான். மூன்று நாள் உட்கார்ந்து வரைபடம் போட்டேன். சலவை மோட்டார், பழைய சாக்கடை, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. எங்கள் பெரிய பொறியாளர் அதைச் சுவரில் மாட்டச் சொன்னார். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அலுவலக டிரைவர் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, "மேட்டுக்குத் தண்ணி தானா ஏறுதுன்னா நம்ம மாடி டேங்குக்கு எதுக்கு சார் மோட்டாரு?" என்றார். மண்ணுக்குள் அழுத்தம் என்று ஒன்று இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார்.

சாட்சிக் கிணறு என்பதால் இரண்டாம் முறைக்குக் காத்திருக்கவில்லை. தையல்காரருக்குக் கடிதம் போனது: குடிக்க வேண்டாம். மேட்டில் ஆறு இடத்தில் புதிதாகத் துளை போட உத்தரவு தயாரானது. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் மணிக்கூண்டுதான். தையல்காரர் வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை. மணிக்கூண்டின் தோள்பையைத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். கடிதத்தைப் படித்துவிட்டு, "அண்ணே, நீங்க காலையிலதானே வந்தீங்க? அப்புறம் எப்பிடி?" என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கூட இல்லையாம். அவருடைய மனைவி முந்தின நாள் காய்ச்சி வைத்த தண்ணீரை முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தாராம்.

அன்று மதியம் மணிக்கூண்டு என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சுவரில் இருந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா போட்டிருக்கீங்க சார். கலரெல்லாம் எடுப்பா இருக்கு."

"சொல்லுங்கண்ணே."

"தண்ணி மேட்டுக்கு ஏறல சார். நான்தான் ஏறினேன்."

எல்லாவற்றையும் சொன்னார். காபியைக் கூட விடவில்லை. சொல்லி முடித்ததும் மடித்த வரிசைத் தாளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது.

அவருக்கு மெமோ எழுதியவன் நான். 'கடமையில் கவனக்குறைவு' என்று எழுதினேன். 'கவனம் இல்லாமல் செய்யல சார், கவனமாத்தான் செஞ்சேன்' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வரைபடத்தைக் கழற்றும்போது சுவரில் வெள்ளையாக நான்கு ஒட்டுத் தடம் நின்றது. வீட்டுக்கு அனுப்பிய படத்தைப் பற்றி இன்றுவரை நானாக எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சுற்றின் முடிவுகள் எல்லாமே செல்லாது என்று தள்ளிவிட்டு மறு சுற்று உடனே வைத்தோம், புதுக் கயிறு, புதுக் குவளை. இந்த முறை நானும் கூடப் போனேன். எட்டு மணிக்குத் தையல்காரர் வீடு. மூன்று மடங்கு இறைத்தார். போதும் என்று சொன்ன பிறகும் நான்காவது மடங்கு இறைத்தார். பிறகு சரிவில் இறங்கினோம். எட்டரைக்குத் தங்கை வீட்டைத் தாண்டினோம். கேட்டில் அவள் நின்றிருந்தாள், கையில் தம்ளரோடு. அவர் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார். அவள் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது, பிறகு இன்னொன்று.

பதினொன்றாவது வீடாக அங்கே திரும்பி வந்தபோது பன்னிரண்டு பத்து. கேட் திறந்துதான் இருந்தது. படியில் அந்தத் தம்ளர் அப்படியே இருந்தது, ஏடு படிந்து. அவர் கையுறையை மாட்டினார். குழாயைத் திறந்தார். அவள் உள்ளேயிருந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க போன் பண்ணிட்டாங்க. வேண்டாமாம்."

அவர் இறைத்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருண்ணே. போன தடவ காலையில வந்த. இந்தத் தடவ பன்னெண்டு மணிக்கு வர்ற. மூணே வாரத்துல மண்ணு மாறிப்போச்சா?"

"மண்ணு முன்னாடியே மாறிடுச்சும்மா. நான்தான் மாறல."

"பொய். நான் போயிட்டா உனக்கு யாரும் இல்ல. அதுக்குத்தான் இந்த நேரத்துக்கு வந்திருக்க. சொல்லு, அதுக்குத்தானே?"

கயிறு பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமென்று எதிர்பார்க்கிறாரா, எதுவும் சொல்லக் கூடாதென்கிறாரா என்று தெரியவில்லை. முடிவு சொல்லும் அனுமதி எனக்கும் இல்லை. எண்கள் என் பைக்குள் இருந்தன. நான் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்தத் தண்ணிய நீ குடிக்காத," என்றார் அவர். "அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்."

பத்தொன்பது வருடத்தில் விதியை மீறி அவர் வாயால் சொன்ன முடிவு அது ஒன்றுதான். நான் அதை எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தெருவே செய்வதைத்தான் செய்தாள், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியதைப் பார்த்தேன். பிறகு குவளைக்குச் சோப்புப் போட்டார். வெயிலில், கேட்டுக்கு வெளியே, எல்லோரும் பார்க்க, மூன்று முறை அலசினார். அவசரமே இல்லை.

தையல்காரர் வீட்டு முடிவு சுத்தமாக வந்தது. ஆறு துளைகளும் ரத்தாயின. தங்கை வீட்டுக்குக் கடிதம் போனது. கடிதம் கிடைத்த பிறகாவது அண்ணனிடம் பேசுவாள் என்று நான் நினைத்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது தாள் இல்லை, அன்று வாசலில் கேட்டதற்கு அண்ணனின் பதில் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டை விற்க முடியாமலே பூட்டிவிட்டு மகளிடம் போய்விட்டாள். போகும்முன் அலுவலகத்துக்கு வந்து வாசல் கேட் சாவியைக் கொடுத்தாள். குழாய் வேலைக்கு வேண்டுமே என்றாள். அண்ணன் பக்கத்து அறையில்தான் குப்பி கழுவிக்கொண்டிருந்தார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"அவருக்கு வேலை இருக்கும்" என்றாள். குப்பிகள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சத்தம் நின்றபோது அவள் தெருமுனை திரும்பியிருந்தாள்.

அலுவலக வசம் உள்ள சாவிக்குப் பதிவேடு உண்டு. கையெழுத்துப் போட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மணிக்கூண்டு என் மேசைக்கு வந்து, தங்கை வீட்டுச் சாவியை என்னிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகிறார். சென்ற சுற்றில் அந்த வீடு பன்னிரண்டாவதாகிவிட்டது. மதியம் ஒன்றரைக்கு வேலை முடித்து, கொண்டுபோன தேநீரைப் படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவாராம்.

அவர் சாவியைத் திருப்பித் தந்தபோது கேட்டேன்: "உள்ள எல்லாம் நல்லா இருக்காண்ணே?"

"உள்ள போறதில்ல சார்," என்று பேனாவை மூடினார். "அவ குடுத்தது கேட் சாவி மட்டும்தானே."